பெயரும் ஓர் அமானிதமே

 



2011-ஆம் ஆண்டு தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. கிராமத்தில் அமர்ந்தபடியே உலகோடு வணிகம் செய்யலாம் என்பது நம் கண்முன் மெய்யாயிற்று. இன்று உங்கள் வீட்டுப் பிள்ளையும் தேனையோ, கிராம்பையோ இணையத்தில் விற்க விரும்பலாம். முதல் கடை திறக்கும் எவர்க்கும் எழும் கேள்வி ஒன்றே: "நம் பெயரை மக்கள் மனத்தில் எப்படி நிலைநிறுத்துவது?"

குற்றாலத்திற்கு வருவோர் தேடிச் செல்லும் பார்டர் பரோட்டாவை நினைத்துப் பாருங்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதற்குமுன் திருவிதாங்கூர் எல்லை பிரானூர் அருகே இருந்தது. எல்லை மேற்கே நகர்ந்துவிட்டது, பெயர் நின்றுவிட்டது. அதை நிறுத்தியது பலகையன்று, உண்டவர்களின் நாவு.

நபி (ஸல்) அவர்களை மக்கா மக்கள் 'அல் அமீன்' என்றழைத்தனர். அது அவர்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயரன்று. கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை ஷாம் நாட்டுக்குக் கொண்டுசென்றபோது வெளிப்பட்ட நேர்மைக்கும், நாணயமான வாழ்வுக்கும் ஊர் வழங்கிய பெயர். எதிர்த்தவர்களும் தம் பொருட்களை அவர்களிடமே ஒப்படைத்திருந்தனர். ஹிஜ்ரத்தின்போது அவற்றை உரியவர்களிடம் திருப்பித்தர அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். அழகிய சின்னத்தை விலைக்கு வாங்கலாம். நம்பிக்கையைப் பிறர்தாம் தரவேண்டும்.

அந்த நம்பிக்கைக்கு நான்கு காவல்கள் உண்டு.

முதலாவது, கையில் இல்லாததை விற்காதீர்கள். தம்மிடம் இல்லாத பொருளை விற்றுவிட்டுப் பிறகு சந்தையில் வாங்கித் தரலாமா என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) வினவினார்கள். நபி (ஸல்) தடுத்தார்கள். பிறர் கிடங்கின் படங்களைக் காட்டிப் பணம் பெறுவோர் இதை ஆலிம்களிடம் தெளிவுபெற வேண்டும். தரம், அளவு, தவணை யாவும் வரையறுத்து முழு விலையும் முன்பே பெறும் 'ஸலம்' ஒப்பந்தத்திற்கு மார்க்கத்தில் இடமுண்டு.

இரண்டாவது, குறையை மறைக்காதீர்கள். மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்), அதை மக்கள் காணும்படி மேலே வைக்கவேண்டாமா என்று கண்டித்தார்கள். இணையத்தில் வாங்குபவர் கைவிட்டுப் பார்க்க இயலாது. உங்கள் படமும் வருணனையுமே அவருடைய கண்ணும் கையும். காணாமல் வாங்கிய பொருளைக் கண்டபின் திருப்பித்தரும் உரிமையை ஹனஃபி சட்டநூல்கள் அவருக்கு வழங்குகின்றன.

மூன்றாவது, பொய்ச் சாட்சி சொல்லாதீர்கள். உறவினரையும் நண்பரையும் வாடிக்கையாளர்போல் பாராட்டு எழுதச் செய்வது இன்று தந்திரமாகிவிட்டது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும், விற்பவர் தம்மை நுகர்வோராகக் காட்டி மதிப்புரை இடுவதைத் தடுக்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்தில் அதைப் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்கவும் அவை கட்டளையிடுகின்றன.

நான்காவது, பிறர் பெயரின்மீது கை வைக்காதீர்கள். புகழ்பெற்ற கடையின் பெயரில் ஓரெழுத்தை மாற்றிச் சூட்டுவது அவருடைய உழைப்பைத் திருடுவதாகும். 'குற்றாலம்' போன்ற ஊர்ப்பெயரை மட்டும் தனியுடைமையாக்குவதும் எளிதன்று. 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் அதற்குத் தடை வைத்துள்ளது. உங்களுக்கே உரிய பெயரைத் தேர்ந்து பதிவு செய்யுங்கள். பதிவு 10 ஆண்டுகள் நிலைக்கும்; புதுப்பித்தும் கொள்ளலாம்.

பெற்றோர்களே! "இன்று எத்தனை விற்றாய்?" என்று பிள்ளையிடம் கேட்கிறீர்கள். "எத்தனை பேரிடம் குறையைச் சொல்லி விற்றாய்?" என்றும் கேளுங்கள். முகம் அறியாத ஒருவர் சென்னையிலிருந்தோ, வளைகுடாவிலிருந்தோ பொருளைக் காணுமுன்பே பணம் அனுப்புகிறார். பொருள் அவர் கை சேரும்வரை அது உங்கள் வீட்டிலுள்ள அமானிதம். இருவரும் உண்மை பேசிக் குறைகளை விளக்கினால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்ற நபிமொழியை நமக்கு அறிவிப்பவரும் அதே ஹகீம் (ரலி) அவர்களே.

வல்ல நாயன் நம் பிள்ளைகளின் முதல் சம்பாத்தியத்தை ஹலாலானதாகவும், அவர்களின் பெயரை நம்பிக்கைக்கு உரியதாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.