வால் மாறிய டைனோசர்

மீன் தின்ற ஒரு டைனோசர். பெயர் ஸ்பைனோசாரஸ். 1912-ல் எகிப்துப் பாலைவனத்தில் கிடைத்தது. கிடைத்ததே கொஞ்சம் எலும்புதான். அதுவும் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வைக்கப்பட்டிருந்தபோது, இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் அழிந்துபோனது. மிஞ்சியவை படங்களும் குறிப்புகளும்தான்.

பிறகு முழு உருவம் எப்படி வந்தது? கோலத்தில் ஒரு பக்கம் அழிந்தால், மறுபக்கத்தைப் பார்த்துப் போட்டுவிடலாம். இரண்டு பக்கமும் அழிந்தால்? அதே கோலம் போட்ட பக்கத்து வாசலை எட்டிப் பார்ப்போம். விஞ்ஞானிகளும் அப்படித்தான் செய்தார்கள். அவர்கள் பார்த்த பக்கத்து வாசல்களில் ஒன்று, பேரியோனிக்ஸ். ஸ்பைனோசாரஸின் உறவுக்கார டைனோசர். 1983-ல் இங்கிலாந்தில் கிடைத்தது. நீண்ட மூஞ்சி, கூம்புப் பற்கள். வயிறு இருந்த இடத்தில் மீன் செதில்களும் இருந்தன!

ஆனால் இரவல் உறுப்பு இரவல்தான். மற்ற டைனோசர்களைப் பார்த்து, ஸ்பைனோசாரஸுக்கும் ஒல்லியான வாலைத்தான் வரைந்துவந்தார்கள். பிறகு மொராக்கோவில் நிஜ வால் கிடைத்தது. 2020-ல் அதைப் பற்றி எழுதினார்கள். அது உயரமான, தட்டையான வால். நீரைத் தள்ளத் தோதான வால். படத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

கிடைத்தது வேறு, நிரப்பியது வேறு. அருங்காட்சியகத்தில் டைனோசரைப் பார்த்தால், குழந்தைகளிடம் இதைச் சொல்லுங்கள். இதில் எது கிடைத்தது, எது நிரப்பியது என்று கேட்கச் சொல்லுங்கள்.