ஸப்ர் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டால் போதுமா?

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வீட்டில் மவுத் நடந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? ஜனாஸாத் தொழுகையில் கலந்துகொள்கிறோம். கபரில் மூன்று பிடி மண் அள்ளிப் போடுகிறோம். தகப்பனை இழந்து நிற்கும் மகனின் கையைப் பிடித்து, "ஸப்ர் செய்யுங்கள் தம்பி" என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போய்விடுகிறோம். ஒருவருக்கு வியாபாரம் நொடித்துப் போனாலும் இதே வார்த்தைதான். சொன்னதோடு நம் கடமை முடிந்துவிட்டதா? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் துயரத்தைத் தாங்கிய விதத்தையும், துயரப்பட்டவர்களிடம் நடந்துகொண்ட விதத்தையும் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

அழுவது ஈமானுக்குக் குறைவா?

அழுகிறவனைப் பார்த்து, "நீ ஆம்பிளையா? உனக்கு ஈமான் இல்லையா?" என்று அதட்டுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு நபி (ஸல்) அவர்களின் குழந்தை இப்ராஹீம் இறந்தபோது அவர்களின் கண்கள் கலங்கின. தாங்களுமா அழுகிறீர்கள் என்று அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வியந்து கேட்டார்கள். இது இரக்கத்தின் வெளிப்பாடு என்று நபியவர்கள் விளக்கினார்கள். அழலாம், இறைவனுக்குப் பிடிக்காத சொல் மட்டும் நாவில் வந்துவிடக் கூடாது. மாரில் அடித்து ஒப்பாரி வைப்பதைத்தான் மார்க்கம் தடுத்திருக்கிறது. யூசுஃபை இழந்து அழுது அழுதே கண்கள் வெளுத்துப்போன யஃகூப் (அலை) அவர்களைப் பொறுமைக்கு உதாரணமாகக் காட்டுகிறது திருக்குர்ஆன். அழுகையும் பொறுமையும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் சகோதரர்களே!

மவுத் வீட்டில் யார் சமைப்பது?

ஹிஜ்ரி 8ல் மூத்தா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதானார்கள். செய்தி மதீனாவுக்கு வந்ததும், அந்தக் குடும்பத்தார் துயரத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு நீங்கள் உணவு சமைத்துக் கொடுங்கள் என்று நபியவர்கள் மக்களுக்குக் கட்டளையிட்டார்கள். மூன்று நாட்கள் விட்டுவிட்டு அந்த வீட்டுக்குப் போனார்கள். ஜஃபரின் பிள்ளைகளை அழைத்தார்கள். முடி வெட்டுபவரை வரவழைத்து அந்தச் சிறுவர்களின் தலையை மழிக்கச் செய்தார்கள். தாய் அஸ்மா (ரலி) பிள்ளைகளின் அநாதை நிலையைச் சொன்னபோது, அவர்களுக்கு நானே பொறுப்பாளன் என்று ஏற்றுக்கொண்டார்கள். ஒரு சமுதாயத்தின் தலைவர், தகப்பனை இழந்த பிள்ளைகளின் தலைமுடியைக் கூடக் கவனித்திருக்கிறார்!

இன்று நம் நிலை என்ன? துயரத்தில் இருக்கும் வீட்டுக்காரன் நமக்குச் சோறு போடுகிறான். மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள் என்று பந்தி விரிகிறது. கையில் பணமில்லாவிட்டால் கடன் வாங்கியாவது போடுகிறான். கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிறாள். அந்த நாட்களில் வீட்டு வாடகை யார் கட்டுவது? பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணம் யார் கொடுப்பது? பந்தியில் உட்கார்ந்த நமக்கு இந்தக் கேள்வி எழுந்ததா?

கடையில் விழுந்த அடி

வியாபாரிகளே! 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. எத்தனை சிறு கடைகளின் ஷட்டர் அத்தோடு திறக்கப்படாமலேயே போனது! அடிபட்ட வியாபாரி முதலில் செய்வது மறைப்பது. மனைவியிடம் மறைக்கிறான், கூட்டாளியிடம் மறைக்கிறான். கவுரவம் போய்விடுமே என்று பயந்து கந்துவட்டிக்காரனிடம் போகிறான். இன்றைய இளைஞனோ செல்போன் செயலியில் கடன் வாங்குகிறான். ஒரு வட்டியைக் கட்ட இன்னொரு வட்டி! கடைசியில், அல்லாஹ் தடுத்திருக்கும் தற்கொலையின் விளிம்பு வரை சிலர் போய்விடுகிறார்கள். வட்டி ஹராம் என்று மிம்பரில் முழங்குகிறோம். அந்த ஹராமின் பக்கம் அவன் போகாமல் தடுக்க நம் மஹல்லாவில் என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம்?

உதவி கேட்பது இழிவல்ல. நபித்துவத்தின் 10ஆம் ஆண்டு, ஏறத்தாழ கி.பி. 619ல், அன்னை கதீஜா (ரலி) அவர்களும் பெரிய தந்தை அபூதாலிபும் அடுத்தடுத்து மரணித்தார்கள். வரலாற்றாசிரியர்கள் அதைத் துயர ஆண்டு என்றே எழுதினார்கள். ஆறுதல் தேடிப்போன தாயிஃபில் கல்லடி கிடைத்தது. திரும்பி வந்து மக்காவுக்குள் நுழைய, இஸ்லாத்தை ஏற்காத முத்இம் பின் அதீயின் பாதுகாப்பை நபியவர்கள் கேட்டுப் பெற்றார்கள். அதோடு நிற்கவில்லை. ஹஜ்ஜுக்கு வந்த கூட்டத்தாரைத் தேடித்தேடிச் சந்தித்தார்கள். அடுத்த ஆண்டே யத்ரிபிலிருந்து வந்த ஆறு பேர் கிடைத்தார்கள். ஹிஜ்ரத்துக்கு வழி திறந்தது அங்கேதான்.

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு மதீனா வந்தார்கள். அன்சாரித் தோழர் ஸஅத் (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ துஆ செய்துவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். பாதியைத் தர ஒருவர் முன்வந்தார், உழைக்க ஒருவர் கிளம்பினார். இரண்டும் இருந்ததால்தான் அந்தச் சமுதாயம் எழுந்தது.

நாம் செய்ய வேண்டியது

நம்மால் முடியாதா? 2004 டிசம்பர் 26ல் சுனாமி அடித்தபோது, உடைமைகளை இழந்து வந்த மீனவ மக்களுக்குப் பரங்கிப்பேட்டை ஜமாஅத் சோறு போட்டது. 2015 வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் எல்லா மதத்தவருக்கும் கதவைத் திறந்தன. கொரோனாவில் சொந்தங்களே நெருங்க அஞ்சிய உடல்களை நம் இளைஞர்கள் அடக்கம் செய்தார்கள். பெருந்துயரத்துக்கு ஓடிய கால்கள், பக்கத்து வீட்டுத் துயரத்துக்கு மட்டும் ஏன் நகர மறுக்கின்றன?

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஐந்து இளைஞர்கள் முன்வாருங்கள். மவுத் நடந்த வீட்டுக்கு மூன்று நாள் உணவு நம் வீடுகளிலிருந்து போகட்டும். இறந்தவருக்குக் கடன் உண்டா என்று ஜனாஸாவின்போதே கேட்டவர்கள் நபியவர்கள். கடனை அடைக்க வழியில்லாத ஒருவரின் கடனை அபூகதாதா (ரலி) ஏற்ற பிறகே தொழவைத்தார்கள். அந்தக் கேள்வியை நாமும் கேட்போம். ஸகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடன்பட்டவரும் ஒருவர். பைத்துல்மாலில் அவருக்கு ஒரு பங்கை ஒதுக்குங்கள். உங்களுக்குத் தரவேண்டியவர் கஷ்டத்தில் இருந்தால் தவணை கொடுங்கள். அது திருக்குர்ஆனின் கட்டளை. கந்துவட்டிக்காரன் மிரட்டினால் 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் இருக்கிறது; துணைக்குப் போய்ப் புகார் கொடுங்கள். தூக்கமின்றி, பேச்சின்றி ஒடுங்கிப்போனவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கிறது. நோய்க்கு மருந்து தேடுவதும் சுன்னத்துதான்.

இதையெல்லாம் செய்துவிட்டு அவர் கையைப் பிடித்து, "ஸப்ர் செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். அப்போது அந்த வார்த்தைக்கு எடை இருக்கும்.

துயரப்பட்டோரின் உள்ளங்களுக்கு அல்லாஹ் ஆறுதல் தருவானாக! அந்த ஆறுதலை நம் கைகளின் வழியாகக் கொண்டு சேர்ப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.