கணக்கும் வழக்கும்

(கெலவரப்பள்ளியில் மாணவர்கள், தொழிலாளர்களிடையே ஒரு வழக்கறிஞர் ஆற்றிய உரை)

ஷிப்டு முடிச்சுட்டு நேரா வந்தவங்களும் இருக்கீங்க. சுருக்கமாப் பேசுறேன்.

நான் பி.காம். முடிச்சுட்டுச் சட்டம் படிக்கப் போனவன். ‘பேங்க் பரீட்சை எழுதாம இவன் ஏன் கோர்ட்டுக்குப் போறான்’னு எங்க சேரியிலேயே கேட்டாங்க. அதுக்குப் பதில் அம்பேத்கர்கிட்ட இருக்கு.

சட்டப் புத்தகத்தோட அவருக்குச் சிலை வெச்சிருக்கோம். ஆனால் அவர் முதலில் ஆழமாகப் படித்தது பொருளாதாரம். 1913இல் கொலம்பியா, 1916இல் லண்டன். ஊர் திரும்பியதும் பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். சொல்கிறவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வரவில்லை. காசுக்குத் தீட்டில்லை, காசைப் பற்றிச் சொல்கிற வாய்க்குத் தீட்டு! 1918இல் பம்பாய் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். 1923இல்தான் வக்கீல் தொழில். அதற்குப் பிறகும் ஒரு கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார்.

இந்தப் படிப்பு அவரோட சட்டத்துக்கு என்ன செஞ்சது? மகாடு குளத்தை எடுத்துக்குங்க. 1927இல் நம் மக்கள் தண்ணீர் எடுத்ததும், ‘குளம் எங்கள் தனிச்சொத்து’ என்று சாதி இந்துக்கள் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்தில் தீட்டு என்பது சொத்து வழக்காக வேஷம் கட்டி நின்றது. குளம் யாருடையது, அந்த வழக்கம் எத்தனை காலத்தது, ஆதாரம் எங்கே? பத்தாண்டுகள் நடந்தது வழக்கு. நினைவுக்கெட்டாத கால வழக்கம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்த்தது.

அதே 1937இல் கோத்தி முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். கொங்கணத்தில் கோத் என்பவன் உழுகிறவனுக்கும் சர்க்காருக்கும் நடுவில் நின்று வசூலிப்பவன். சர்க்காருக்குக் கட்டியது போக மிச்சம் அவன் மடிக்கு.

இந்த நடு ஆள் நம்ம ஓசூர் சிப்காட்லயும் இருக்கான். பேரு காண்ட்ராக்டர். கூட்டுற வேலை, கழுவுற வேலை, சுமக்கிற வேலைக்கு நம்ம ஆளுங்களைத்தான் அனுப்புறான். ‘இவங்க எங்க தொழிலாளி இல்லை’ங்குது கம்பெனி. அங்கே முழக்கத்தோட ரசீதும் வேணும். காண்ட்ராக்டர் கொடுத்த பில்லில் தலைக்கு எவ்வளவு, அதில் கூலி எவ்வளவு, கமிஷன் எவ்வளவு? இயந்திரம் யாருடையது? வேலை ஏவுகிறவர் யார்? 1978இல் உசேன்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் பார்த்தது: தொழிலாளியின் பிழைப்பு உண்மையில் யார் கையில் இருக்கிறதோ அவரே முதலாளி, நடுவில் தொங்குகிற காகிதத் திரையை விலக்கிப் பார்க்க வேண்டும்.

வேலை நேரமும் கணக்குதான். அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில் வந்த திருத்தம், 1946இல் வாரத்துக்கு 54 மணியை 48 ஆக்கியது. 2023இல் எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகம் 12 மணி நேர வேலைக்கு வழி திறந்தது. இந்தப் பக்கம் நம் சட்டமன்றமும் அதே ஆண்டு ஏப்ரலில் அப்படியொரு மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால் மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள்.

காமர்ஸ் படிக்கிற தம்பி, தங்கச்சிங்களே! இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரிஞ்ச நம்ம வக்கீல்கள் ரொம்பக் கொஞ்சம். நீங்க வாங்க. வேலைக்குப் போறவங்க சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், கேட் பாஸ், பேங்க் பாஸ்புக் எதையும் தூக்கிப் போடாதீங்க. கேஸ் நடத்த எனக்கு அதுதான் வேணும்.