ஈரோட்டில் மைனஸ் 40 டிகிரி

இந்த எபிசோட்ல கோட் கிடையாது, கார். ஆனா டீபக்கிங் அதேதான்.

ஈரோட்ல அப்பாகிட்ட 2011 மாடல் ஹேட்ச்பேக் ஒண்ணு இருக்கு. மே மாசம் செக் என்ஜின் லைட் எரிஞ்சது, ரேடியேட்டர் ஃபேன் நிக்காம சுத்திச்சு. ஒர்க்‌ஷாப்ல, "ஸ்கேனர் லிங்க் ஆகலை சார், ஈசியூ போயிருச்சு, 32 ஆயிரம் ஆகும்"னுட்டாங்க. அப்பா வண்டியை வித்துடலாம்னு முடிவே பண்ணிட்டார். எனக்கு ஒண்ணு மட்டும் உறுத்திச்சு. ஈசியூ செத்திருந்தா இன்ஜெக்டருக்கு யார் உத்தரவு போடறது? வண்டிதான் ஓடுதே!

ஒரு மலிவு புளூடூத் அடாப்டர் வாங்கினேன். மேல இஎல்எம்327னு எழுதியிருக்கும், உள்ளே பெரும்பாலும் நகல் சிப்தான். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் ஓபிடி சாக்கெட்ல சொருகினா ஒரு லைட்கூட எரியலை. மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தேன். 16ஆம் பின் பேட்டரி பாசிட்டிவ், 4ஆம் பின் எர்த். 12 வோல்ட் காட்டணும், காட்டினது பூஜ்யம். நிறைய வண்டிகள்ல இந்தப் பின்னுக்கும் சிகரெட் லைட்டருக்கும் ஒரே ஃப்யூஸ்தான்.

"அப்பா, கார்ல போன் சார்ஜ் ஆகுதா?"

"அது தீபாவளியில இருந்தே ஆகறதில்லையே கண்ணு."

ஃப்யூஸ் போயிருந்தது. ஒர்க்‌ஷாப் ஸ்கேனர் லிங்க் ஆகாததுக்கும் இதுதான் காரணமா இருக்கும்னு நினைக்கிறேன்.

புது ஃப்யூஸ் போட்டதும் லைட் எரிஞ்சது, போன்ல பேர் ஆச்சு. (ஐபோன்காரங்க கவனிங்க, பழைய வகை புளூடூத் அடாப்டர் உங்களுக்கு ஆகாது. வைஃபை இல்லேன்னா புளூடூத் எல்இ வாங்கணும்.) சாவியை ஆன்ல வச்சு, டெர்மினல் ஆப்ல 0100 அனுப்பினேன். "சர்ச்சிங்...", அப்புறம் "அனேபிள் டு கனெக்ட்". மூணு நாள் இதே பதில்.

அந்த மூணு நாளும் நான் ஆப்பை மாத்தி மாத்தி இன்ஸ்டால் பண்ணிட்டிருந்தேன். சாஃப்ட்வேர் ஆளுக்கு சாஃப்ட்வேர்தானே கண்ணுல படும். பார்த்திருக்க வேண்டியது சாக்கெட்டை. கேன் பஸ் இருக்கிற வண்டின்னா 6, 14 ரெண்டு குழியிலயும் உலோகம் தெரியும். இதுல ரெண்டும் காலி, 7ல மட்டும் இருந்தது. அப்படின்னா கே-லைன். ஒத்தை வயர்ல நொடிக்கு 10,400 பிட் போற பழைய முறை. ஏடிஐ கமாண்ட் கொடுத்தா என் அடாப்டர் தன்னை வி1.5ங்குது. அசல் கம்பெனி 1.5னு ஒரு பதிப்பே வெளியிட்டதில்லை! இந்த நகல்கள்ல சிலதுல கே-லைன் சரியா வேலை செய்யாது.

ஆபீஸ் நண்பன்கிட்ட பழைய அடாப்டர் ஒண்ணு கிடைச்சது. ஏடிஎஸ்பி5 கொடுத்து கே-லைன் ஃபாஸ்ட் இனிட்டைத் தேர்ந்தெடுத்தேன். அப்புறம் 0100. உடனே 41 00னு பதில் வந்துச்சு. பக்கத்து சீட்ல அப்பா, "என்ன கண்ணு சொல்லுது?"ன்னார்.

03 கேட்டதுக்கு பி0118, கூலன்ட் வெப்பநிலை சென்சார் சர்க்யூட். 0105 கேட்டா 41 05 00. கடைசி எண்ணுல இருந்து 40 கழிக்கணும். மைனஸ் 40 டிகிரி. ஈரோட்ல, மே மாசத்துல! சென்சார் வயர் அறுந்தா இப்படித்தான் காட்டும். உண்மையான சூடு தெரியாததால, பாதுகாப்புக்கு ஈசியூ ஃபேனை ஓட விட்டிருக்கு.

பானெட்டைத் திறந்து வயரைத் தொடர்ந்து போனா, எலி கடிச்சிருந்தது. எலக்ட்ரீஷியன் சேர்த்துக் கொடுத்தார், 250 ரூபாய். 04 அனுப்பிக் கோடை அழிச்சோம், ஃபேன் நின்னுச்சு.

ஞாயித்துக்கிழமை வண்டியைப் பார்க்க வர்றதா இருந்தவருக்கு அப்பா அங்கேயே போன் போட்டார். "இல்லீங்க தம்பி, விக்கறதா இல்லை."