பச்சையா இருந்தா எல்லாம் காடா?

போன மாசம் ஊட்டி போயிருந்தேன். பைன் மரங்களுக்கு நடுவுல நின்னு போட்டோ எடுத்து, ‘இயற்கையின் மடியில்’னு ஸ்டேட்டஸ் வேற போட்டேன். திருமுல்லைவாயிலுக்குத் திரும்பி வந்து படிச்சப்போதான் தெரிஞ்சது, நான் நின்னது காடு இல்ல, மனுஷன் நட்ட தோப்பு.

நீலகிரி உச்சியில இயற்கையா இருந்தது ரெண்டு. பள்ளங்கள்ல சோலைக்காடு, சரிவுகள்ல புல்வெளி. வரையாடு மேயுறதும் தோடர்களோட எருமைகள் மேயுறதும் அந்தப் புல்வெளியிலதான். 19-ஆம் நூற்றாண்டுல வந்த பிரிட்டிஷ்காரங்களுக்கு அது சும்மா கிடக்கிற நிலமாத் தெரிஞ்சது. ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரம், சீகை மரமெல்லாம் கொண்டுவந்து நட்டாங்க. தேயிலையும் வந்தது. சுதந்திரத்துக்கு அப்புறமும் தொழிற்சாலைகளுக்காக நடவு தொடர்ந்தது. பக்கத்துல பழனி மலையை எடுத்துக்கோங்க. 1973-லிருந்து 2014 வரைக்கும் புல்வெளியில மூணுல ரெண்டு பங்கு போயிடுச்சுன்னு 2018-ல வெளிவந்த ஒரு ஆய்வு சொல்லுது.

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். வாழிடத் தரத்தை அளக்க ‘இன்வெஸ்ட்’னு ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கு. பைத்தான்ல எழுதினது. நிலப்பயன்பாட்டு மேப்பையும், ரோடு, ஊர், விவசாயம் மாதிரி அச்சுறுத்தல்களையும் குடுத்தா, ஒவ்வொரு பிக்சலுக்கும் 0-லிருந்து 1-க்குள்ள மார்க் போடும். ஆனா எந்த நிலம் எவ்வளவு நல்ல வாழிடம்ங்கிற டேபிளை நாமதான் நிரப்பணும். கற்பூரத் தோப்பைக் ‘காடு’ன்னு போட்டு 1 குடுத்து, புல்வெளிக்கு 0.3 குடுத்தீங்கன்னா, புல்வெளியை அழிச்ச மலை முன்னேறிடுச்சுன்னு ரிசல்ட் வரும். கோட்ல பக் எதுவும் இருக்காது. தப்பு அந்த டேபிள்ல இருக்கும். பிரிட்டிஷ்காரங்க மனசுல இருந்ததும் அதே டேபிள்தான்.

இது வரையாட்டோட பிரச்சினை மட்டும் இல்ல. ஊட்டி பக்கம் கிளென்மார்கன்ல ரெண்டு சின்ன நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒண்ணுல மட்டும் கற்பூர மரம் நட்டு, வருஷக்கணக்கா அளந்தாங்க. நட்ட பக்கம் ஓடைத் தண்ணி குறைஞ்சது. நீலகிரியில பிறக்கிற பவானி காவிரியில கலக்குது. காவிரித் தண்ணி வீராணம் வழியா 2004-லிருந்து சென்னைக்கு வருது.

மரத்தை வெட்டிட்டா சரியாயிடுமா? சீகை விதை மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா கிடந்து மறுபடி முளைக்கும். அழிச்சதைத் திரும்பக் கொண்டுவர்றது அவ்வளவு சுலபம் இல்ல.

அதனால, நம்ம ஏரிக்கரையைக் காட்டி யாராவது ‘சும்மா கிடக்கிற இடம்தானே’ன்னு சொன்னா, கட்டடம் கட்டுறதுக்கு மட்டும் இல்ல, மரம் நடுறதுக்கு முன்னாடியும் ஒரு கேள்வி கேளுங்க: இங்க ஏற்கெனவே யாரு இருக்காங்க?

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.