மொய்யா, புணையா?

இந்த அறக்கட்டளையை நிறுவிய பேராசிரியரிடம் இரண்டு ஆண்டுகள் பாடம் கேட்டவன் நான். அவருடைய பணிகளைத் துறைத்தலைவர் விரிவாகச் சொல்லிவிட்டார். அவற்றை மீண்டும் சொல்லி நேரத்தைச் செலவிடப் போவதில்லை.

தலைப்பைப் பார்த்ததுமே முன்வரிசை நண்பர்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். இந்த வழக்கு எங்களுக்குள் 2021இல் தொடங்கியது. கருத்தரங்கிலும் வாய்மொழித் தேர்விலும் தேநீர் வேளையிலும் துண்டு துண்டாக வாதாடியதை இன்று முழுசாக வைக்கிறேன்.

கைப்பேசி வழியாக மட்டுமே பழகியவர்கள், அவர்களில் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சையோ விலை கூடிய மருந்தோ தேவைப்படும்போது, ஒன்றுகூடிப் பணம் திரட்டிக் கொடுக்கிறார்கள். இதை எந்தக் கணக்கில் எழுதுவது? இது மொய்யின் மறுபிறப்பு என்கிறது ஒரு தரப்பு. கோயில் உண்டியலைப் போன்ற தர்மம், கையில் வைத்திருக்கும் கருவிதான் புதிது என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பிலும் என் நெருங்கிய நண்பர்கள் இருக்கிறார்கள். இரண்டும் தவறு என்பது என் கட்சி.

மொய் ஏன் அல்ல

புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில், குறிப்பாகப் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம், ஆடி பிறந்தால் மொய் விருந்து. பந்தலில் ஆட்டுக்கறிச் சாப்பாடு, வெளியே ஊருக்கொரு மேசை, மேசைக்கொரு நோட்டு. வந்தவர் முன்பு வாங்கியதைத் திருப்பித் தந்து, மேற்கொண்டு ஒரு தொகையைப் புதிதாகவும் போடுகிறார். அந்தப் புதுத் தொகை விருந்து வைத்தவர் தலையில் கடனாக ஏறுகிறது. மதுரைப் பக்கம் இதற்குச் செய்முறை என்று பெயர். வடமலபாரில் வடகரை, நாதாபுரம் வட்டாரத்தில் தேநீர் விருந்து வைத்து நடத்தும் பணப்பயற்றும் இதே இலக்கணந்தான்.

மொய் வாங்குகிறவர் யார் முன்னாலும் தலை குனிவதில்லை. அவர் வாங்குவது கடன். தன் நோயையோ வறுமையையோ யாருக்கும் விளக்கிச் சொல்லும் அவசியமும் அவருக்கு இல்லை. கைப்பேசியில் உதவி கேட்கிறவர் நிலை அதற்கு நேர் எதிர். மருத்துவ அறிக்கையைக் காட்ட வேண்டும்; குழாய் செருகிய குழந்தையின் படத்தைக் காட்ட வேண்டும்; வங்கி இருப்பைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருப்பித் தரும் கடமை இல்லாத இடத்தில் துன்பத்தை நிரூபிக்கும் கடமை வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை மொய்க் கட்சியினர் இதுவரை எனக்கு விளக்கிச் சொன்னதில்லை.

2024 ஆகஸ்டில் வயநாடு நிலச்சரிவுக்காகத் திண்டுக்கல்லில் ஓர் உணவகம் மொய் விருந்து நடத்தியதே என்பார்கள். நடத்தியது, நல்ல காரியம். ஆனால் அங்கே சாப்பிட்டு இலைக்கடியில் பணம் வைத்தவர்களில் ஒருவராவது, வயநாட்டுக்காரர் நாளை தன் வீட்டு விசேஷத்துக்கு வந்து திருப்பிச் செய்வார் என்று எதிர்பார்த்தாரா? பெயரை மொய்யிலிருந்து எடுத்துக்கொண்டார்கள், நோட்டை எடுத்துக்கொள்ளவில்லை. நோட்டு இல்லாத மொய், மொய் ஆகாது.

பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் இங்கே இழுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காணாமலே நட்பு உண்டு என்பதற்கு அவர்கள் சான்று; மறுக்கவில்லை. ஆனால் உறையூர் அரசனோடு புலவர் பகிர்ந்துகொண்டது வடக்கிருந்து இறந்த சாவை. இங்கே பகிர்வது ஒருவர் சாகாமல் இருப்பதற்கான செலவை. இதற்குக் கணக்கு வேண்டும், நம்பிக்கை வேண்டும், நாலு பேருக்குப் பதில் சொல்லும் ஆள் வேண்டும்.

வடமலபாரில் ஒரு ஜூலை மாதம்

இனி என் சான்றுக்கு வருகிறேன். இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். முழுதாகச் சொல்ல இடம் கிடைத்ததில்லை.

முதுகுத்தண்டுத் தசைச்சிதைவு என்று ஒரு நோய். எஸ்எம்என்1 என்ற மரபணு இல்லாததாலோ பழுதானதாலோ, தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. கடும் வகையில் குழந்தை தலை தூக்காது, பிறகு விழுங்காது, பிறகு மூச்சுக்குத் தவிக்கும். அந்த மரபணுவின் நல்ல படியைத் தீங்கற்ற வைரஸ் ஒன்றில் ஏற்றி, சிரை வழியே ஒரே ஒருமுறை செலுத்தும் மருந்துக்கு 2019 மே மாதத்தில் அமெரிக்கா அனுமதி தந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. விலை 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர். நம் நாட்டில் 16 கோடி, 18 கோடி என்று செய்தித்தாள்கள் எழுதின. ஆக, பெற்றோருக்கு இரண்டு எண்கள் கிடைத்தன: ஒரு விலை, ஒரு பிறந்தநாள். அந்தப் பிறந்தநாளுக்குள் அந்த விலை.

2021 ஜூலையில் கண்ணூர் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இந்த நெருக்கடி நேர்ந்தது. அவன் அக்காளுக்கும் அதே நோய். அவள் காலத்தில் மருந்து இல்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடி, நான் படுகிற பாடு என் தம்பிக்கு வேண்டாம் என்ற பொருளில் அவள் பேசிய குரல் கைப்பேசி கைப்பேசியாகப் போனது. 18 கோடி வேண்டியிருந்தது. ஒரு வாரத்துக்குள் அது சேர்ந்தது; மொத்தம் வந்தது 46 கோடிக்கும் மேல். அனுப்பியவர்கள் ஏறத்தாழ 7 லட்சத்து 70 ஆயிரம் பேர். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு ஏறத்தாழ 600 ரூபாய். பெரும்பணக்காரர் யாரும் காப்பாற்றவில்லை. ஒரு குடும்பத்தின் ஒரு வார மளிகைச் செலவு ஏழு லட்சம் முறை சேர்ந்து வந்தது.

இந்த இடத்தில் என் நண்பர்கள் எல்லாரும் இணையத்தின் ஆற்றல் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். நான் நிறுத்தவில்லை. பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று கேட்டேன். ஊராட்சித் தலைவர் முன்னின்று அமைத்த சிகிச்சை உதவிக் குழு அங்கே இருந்தது. கேரளத்தில் இது பழைய ஏற்பாடு. சிகில்சா சகாயக் கமிட்டி என்பார்கள். கூலிக்காரர் ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டாலும் வார்டு உறுப்பினர், பள்ளிவாசல் அல்லது கோயில் பொறுப்பாளர், வாசகசாலைச் செயலாளர் என்று கட்சி பார்க்காமல் நாலைந்து பேர் உட்கார்ந்து, கூட்டுக் கணக்குத் தொடங்கி, சுவரொட்டி ஒட்டி, பேருந்து நிலையத்தில் வாளி ஏந்துவார்கள். பிரியாணி சமைத்து விற்பார்கள். நோட்டில் வரவு எழுதுவார்கள். கைப்பேசி வருவதற்கு முன்பே இந்த நோட்டு இருந்தது.

அந்த அக்காளின் குரல் எனக்கு வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். கோழிக்கோட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் அனுப்பினார். கீழே ஒரே வரி: “விசாரிச்சிட்டேன் சார், உண்மைதான்.” நான் 500 ரூபாய் அனுப்பினேன். அந்தக் குழந்தையை எனக்குத் தெரியாது, அந்த ஊருக்குப் போனதில்லை. மாணவரைத் தெரியும். மாணவர் கமிட்டிக்காரர் ஒருவரை அறிந்தவரை அறிவார். கமிட்டிக்காரருக்கு அந்த வீட்டுத் திண்ணையைத் தெரியும். என் 500 ரூபாய் நடந்து போன பாதை இதுதான். ஒவ்வொரு கண்ணியிலும் ஒருவர் தன் பெயரை வைத்து இது உண்மை என்று சொல்லியிருக்கிறார். பொய்யானால் கெடுவது அவர் பெயர்.

இதற்குத் தமிழில் சொல் இருக்கிறது. புணை. தெப்பத்துக்கும் புணை என்று பெயர். ஒருவருக்காக ஈடு நிற்பதற்கும், இன்றைய பேச்சில் ஜாமீன் நிற்பதற்கும், அதே பெயர். தமிழ்ப் பேரகராதி இரண்டு பொருளையும் தருகிறது. முகமறியா நண்பர்கள் தருவதில் பணம் இரண்டாவது. முதலில் தருவது புணை. கேட்கிறவர் தன் துன்பத்தைத் தானே நிரூபிக்கும் இழிவிலிருந்து அவரை மீட்டு, எனக்குத் தெரியும் என்று இன்னொருவர் முன்னே வந்து நிற்கிறாரே, அதுதான் மொய்யிலும் இல்லாதது, உண்டியலிலும் இல்லாதது.

இன்னும் ஒன்று. தொகை எட்டியதும் போதும், இனி அனுப்பாதீர்கள் என்று கமிட்டி அறிவித்தது. உண்டியலுக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. ஆகஸ்டில் கோழிக்கோட்டில் குழந்தைக்கு மருந்து செலுத்தப்பட்டது. மிஞ்சியதை அதே நோயுள்ள பிற குழந்தைகளுக்கு என்று வைத்தார்கள். தர்மக் கட்சி நண்பர்கள் இந்தப் ‘போதும்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஓர் இரவு யோசிக்க வேண்டும்.

புணை இல்லாதவர்

இணையத்தில் உதவி திரட்டும் தளமான கோஃபண்ட்மீ தொடங்கிய அமெரிக்காவில் என்ன நிலை? ஆய்வாளர்கள் நோரா கென்வொர்த்தி, மார்க் இக்ரா இருவரும் 2016 முதல் 2020 வரை அந்தத் தளத்தில் நடந்த நாலு லட்சத்துக்கும் அதிகமான மருத்துவ வேண்டுகோள்களை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். சேர்ந்த மொத்தம் 200 கோடி டாலருக்கு மேல். கேட்ட தொகையை எட்டியவை நூற்றுக்குப் பன்னிரண்டுகூட இல்லை. வசதியுள்ளவரைச் சுற்றி வசதியுள்ளவர்கள். ஏழையைச் சுற்றி ஏழைகள். புணை நிற்க ஆள் உண்டா, அந்த ஆளின் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதே முடிவு செய்கிறது.

இதை எண்களிலிருந்து மட்டும் நான் கற்கவில்லை. 2022இல் இன்னொரு மாணவர், தனியார் கல்லூரியில் ஒப்பந்த ஆசிரியர், மனைவியின் சிறுநீரக மாற்றுக்கு உதவி கேட்டு எனக்கொரு செய்தி அனுப்பினார். பார்த்தேன். உதவியவர் பட்டியலில் பதினோரு பெயர்கள். 2000 ரூபாய் போட்டேன். மூன்று ஆண்டுகள் எனக்கு முன்னால் உட்கார்ந்து படித்தவர் அவர். “இவரை எனக்குத் தெரியும், உண்மை” என்ற ஒரு வரியோடு நான் இருக்கும் ஏழெட்டுக் குழுக்களில் அதை அனுப்பியிருக்கலாம். பேராசிரியர் பணம் கேட்கிறார் என்று யாராவது நினைப்பார்களோ என்று கூசினேன். அனுப்பவில்லை. தொகை பாதிகூட எட்டவில்லை. அந்த அம்மா இன்றும் டயாலிசிஸில்தான் இருக்கிறார். கண்ணூர்க் குழந்தையைப் பற்றி எனக்குச் சொன்ன மாணவர் செய்ததை நான் செய்யவில்லை. இந்த வழக்கில் நான் இத்தனை பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். நண்பர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

அரசு

நேரம் குறைவு, சுருக்குகிறேன். 2021 மார்ச்சில் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை முதுகுத்தண்டுத் தசைச்சிதைவை, சிகிச்சைச் செலவு மிக அதிகமான நோய்களுக்குரிய மூன்றாம் பிரிவில் வைத்தது. அந்தப் பிரிவினருக்காக, பொதுமக்கள் விரும்பிப் பணம் அனுப்ப ஓர் இணைய ஏற்பாடு செய்வதாகச் சொன்னது. அரசே உண்டியல் வைத்தது என்று பொருள். 2022இல் எல்லாப் பிரிவினருக்கும் 50 லட்சம் வரை உதவி என்று திருத்தினார்கள். பதினாறு கோடிக்கு முன்னால் 50 லட்சம். 2021இல் மும்பைக் குழந்தை ஒன்றுக்கும், நம் நாமக்கல் மாவட்டக் குழந்தை ஒன்றுக்கும் இந்த மருந்தின் இறக்குமதி வரியை விலக்கினார்கள். மும்பைக் குழந்தைக்கு வரி மட்டும் ஏறத்தாழ 6 கோடி. அரசு செய்ய வேண்டியதை நண்பர்கள் செய்வது பெருமை அல்ல. ஆனால் அரசு வரும்வரை தெப்பத்தை விட்டுவிடு என்று மூழ்குகிறவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

இனிச் செய்ய வேண்டியவை

மூன்று குறிப்புகள், மாணவர்கள் யாராவது எடுத்துக்கொள்ளலாம். ஒன்று: 2021இல் கேரளத்தில் இன்னொரு குழந்தைக்காக 16 கோடிக்கும் மேல் சேர்ந்தபின், மருந்து வருமுன் குழந்தை இறந்துவிட்டது. அந்தப் பணம் யாருடையது? மொய் நோட்டு விடை வைத்திருக்கிறது, நம் சட்டத்தில் தேட வேண்டும். சட்டத்துறை நண்பர்களோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. மற்றொன்று விலை. இதே நோய்க்கான வாய்வழி மருந்து ஒரு குப்பி 6 லட்சத்துக்கு மேல் விற்றது. காப்புரிமை வழக்கில் மூல நிறுவனம் கேட்ட தடை கிடைக்காமற்போகவே, 2025 அக்டோபரில் இந்திய நிறுவனம் ஒன்று 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. எத்தனை லட்சம் பேர் 600 ரூபாய் அனுப்பினால் இந்த விலைக் குறைப்புக்கு ஈடாகும் என்று பொருளியல் துறையினர் கணக்கிட வேண்டும்.

கடைசியாக, சிகிச்சைக் கமிட்டிகளின் வரவு நோட்டுகள். காரியம் முடிந்ததும் அவை பழைய தாள் கடைக்குப் போகின்றன. யாரும் சேகரிக்கவில்லை. தலச்சேரிப் பக்கத்துக் கமிட்டி ஒன்றின் இரண்டு நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. மலையாளத்தில் எழுதியவை, சில பக்கங்களில் ஓரம் கரையான் தின்றிருக்கிறது. திங்கட்கிழமை துறை நூலகத்தில் கொடுத்துவிடுகிறேன். மலையாளம் படிக்கத் தெரிந்த மாணவர் ஒருவர் வந்து என்னைப் பார்த்தால், முதல் நோட்டை நானும் கூட உட்கார்ந்து படித்துத் தருகிறேன்.