லேப்டாப் இருந்தால் போதுமா? சீனக் கடற்கரை நகரத்திலிருந்து வேலை பார்க்க நினைப்பவர்களுக்கு

(வெளிநாடு செல்வோருக்கான இணையவழி வழிகாட்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது பழகிப்போன பிறகு, நம்ம இளைஞர்கள் பலர் ஒரு கேள்வி கேட்கிறாங்க. "ஆபீஸ் சென்னையில இருக்கு. சம்பளம் இங்கேயே பேங்க்ல விழுது. வேலைக்கு லேப்டாப்பும் இன்டர்நெட்டும்தான் வேணும். அதை வீட்டுல உட்கார்ந்து பார்த்தா என்ன, சீனாவுல ஒரு கடற்கரை ஊர்ல உட்கார்ந்து பார்த்தா என்ன?"

நியாயமான கேள்விதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிறுவனம் எங்கே இருக்கிறது என்பது மட்டும் கணக்கில்லை. நீங்கள் எந்த மண்ணில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்பதுதான் முதல் கணக்கு. விசா, வரி, இன்டர்நெட், பணம் என்று எதை எடுத்தாலும் இதே கணக்குதான். இது புரியாமல் கிளம்பினால் அபராதம் வரலாம், இருக்கிற வேலையும் போகலாம். புரிந்துகொண்டு போனால் நல்ல அனுபவம்.

ஒரு ஊரை வைத்துப் பேசுவோம்: ஷியாமென்.

ஏன் ஷியாமென்?

சீனாவின் தென்கிழக்கே ஃபூஜியன் மாகாணத்தில் இருக்கிற தீவு நகரம் இது. 1980-ல் சீனா முதன்முதலாக வெளிநாட்டு முதலீட்டுக்குத் திறந்துவிட்ட நான்கு சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் ஒன்று. 2017-ல் பிரிக்ஸ் மாநாடு நடந்ததும் இங்கேதான். அதே ஆண்டில் பக்கத்திலுள்ள குலாங்யூ தீவு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மெட்ரோ ரயில் ஓடுகிறது, மேம்பாலத்தில் பேருந்துக்கென்றே தனிப்பாதை இருக்கிறது, சைக்கிளுக்கும் தனி மேம்பாலம் உண்டு.

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்துக் கிரானைட் வியாபாரிகளுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. உலகின் பெரிய கல் வணிகக் கண்காட்சிகளில் ஒன்று ஷியாமெனில் நடக்கிறது.

இன்னும் பழைய உறவும் உண்டு. ஷியாமெனுக்கு வடகிழக்கே உள்ள சுவான்சோ துறைமுகத்தில், 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கே கோயில் எடுத்த தமிழ் வணிகர்கள், மங்கோலிய அரசரின் 'பர்மான்'படி, அதாவது அவருடைய ஆணைப்படி, செய்ததாகக் கல்லிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் போனவர்களே அனுமதியோடுதான் காரியம் செய்திருக்கிறார்கள். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் விஷயம்: விசா

மலேசியா 2022-லும் தாய்லாந்து 2024-லும் தொலைதூர வேலை பார்ப்பவர்களுக்கென்றே தனி அனுமதிகளைக் கொண்டுவந்தன. சீனாவில் அப்படி ஒரு விசா இல்லை. இதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒவ்வொரு விசாவுக்கும் ஒரு எழுத்து உண்டு. 'எல்' விசா சுற்றுலாவுக்கு. 'எம்' விசா வியாபாரப் பயணத்துக்கு. 'எக்ஸ்' படிப்புக்கு. 'எஸ்' என்பது, அங்கே வேலை பார்க்கிற அல்லது படிக்கிற வெளிநாட்டவரின் குடும்பத்தாருக்கு. வேலைக்குப் பொதுவாக உள்ளது 'இசட்' விசா. இசட் விசாவில் போனாலும், இறங்கிய 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

"நான் சீன நிறுவனத்துக்கு வேலை செய்யலையே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். சீனாவின் சட்டம், வெளிநாட்டவர் சீனாவுக்குள் வேலை செய்ய வேலை அனுமதியும், வேலைக்கான தங்கும் அனுமதியும் வேண்டும் என்கிறது. சம்பளம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று பார்த்து, தொலைதூர வேலைக்குத் தனியாகச் சலுகை எதுவும் தரவில்லை. அனுமதியில்லாமல் வேலை பார்த்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். விஷயம் தீவிரமானது என்றால் 5 முதல் 15 நாள் வரை காவலும் உண்டு. விசா காலம் முடிந்தும் தங்கினால் நாள் ஒன்றுக்கு 500 யுவான் வீதம், 10,000 யுவான் வரை அபராதம் போடலாம்.

வியாபார வேலையாகப் பத்து நாள் போனவர், ராத்திரி ஹோட்டலில் உட்கார்ந்து ஆபீஸ் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது வேறு. சுற்றுலா விசாவில் போய், வாடகைக்கு வீடு பிடித்து, மாதக்கணக்கில் வேலை பார்ப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள்.

அப்படியானால் யாருக்கு நேரான வழி? உங்கள் நிறுவனத்துக்கு ஷியாமெனில் கிளை இருக்கிறது அல்லது அங்குள்ள நிறுவனம் உங்களை முறைப்படி வேலைக்கு எடுக்கிறது. அவர்கள் வேலை அனுமதி வாங்கித் தருகிறார்கள். அதன்பிறகு நீங்கள் அங்கே இருந்துகொண்டு சென்னையிலோ சிங்கப்பூரிலோ உள்ள குழுவோடு சேர்ந்து வேலை செய்கிறீர்கள். இதுதான் சிக்கல் இல்லாத வழி. இதற்குப் பட்டச் சான்றிதழ், பணி அனுபவச் சான்று, மருத்துவப் பரிசோதனை, காவல்துறை நன்னடத்தைச் சான்று ஆகியவை கேட்பார்கள். வெளிநாட்டுக்கான நன்னடத்தைச் சான்றுக்கு 'எம் பாஸ்போர்ட் சேவா' செயலியில், உங்கள் செல்போனிலேயே விண்ணப்பிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. "முதல்ல டூரிஸ்ட் விசாவுல வாங்க, அப்புறம் வேலை விசாவா மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால், அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். தென்கிழக்கு ஆசிய நாடுகளில் ஆன்லைன் மோசடிக் கும்பல்களிடம் நம்ம பிள்ளைகள் மாட்டியதும் இந்த மாதிரிப் பேச்சை நம்பித்தான். முகவர் மூலம் போவதாக இருந்தால், அவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இரண்டாவது: 24 மணி நேரம்

ஹோட்டலில் தங்கினால் பாஸ்போர்ட்டைப் பார்த்து அவர்களே காவல்துறைக்குத் தகவல் பதிந்துவிடுவார்கள். வாடகை வீட்டிலோ நண்பர் வீட்டிலோ தங்கினால், 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். வீடு மாறினாலும் மறுபடி பதிவுதான். தவறினால் எச்சரிக்கை, கூடவே 2,000 யுவான் வரை அபராதமும் போடலாம். சில நகரங்களில் இதை ஆன்லைனிலேயே செய்ய வசதி உண்டு.

அதனால் வீடு பார்க்கும்போது வாடகையை விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: "போலீஸ் பதிவுக்கு ஒத்துழைப்பீங்களா?" வீட்டுக்காரர் தயங்கினால் அந்த வீடு வேண்டாம். ஒரு மாத முன்பணமும் மூன்று மாத வாடகையும் ஒரே தடவையாகக் கேட்பது சீன நகரங்களில் சாதாரணம். பணத்தைக் கொடுத்த பிறகு அவர் கைவிரித்தால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

மூன்றாவது: இன்டர்நெட்

கூகுள், ஜிமெயில், வாட்ஸ்அப், யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எதுவும் அங்கே உள்ளூர் இணைப்பில் திறக்காது. உங்கள் ஆபீஸ் மின்னஞ்சலும் கோப்புகளும் கூகுளில் இருந்தால், முதல் நாளே வேலை நின்றுவிடும். "வி.பி.என். போட்டுக்கலாம்" என்று சுலபமாகச் சொல்வார்கள். அனுமதி பெறாத வி.பி.என். அங்கே சட்டப்படி தவறு. நிறுவனங்கள் அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வழியாக முறையான சர்வதேச இணைப்பு வாங்கிக்கொள்கின்றன. அதை உங்கள் நிறுவனம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இந்திய சிம்மில் ரோமிங் டேட்டா போட்டால், அந்த இணைப்பு நம்ம ஊர் நிறுவனத்தின் வழியாகச் சுற்றி வருவதால் வாட்ஸ்அப் பொதுவாக வேலை செய்யும். ஆனால் நாள் முழுக்க வீடியோ மீட்டிங் நடத்த அது கட்டுப்படியாகாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இது தெரிய வேண்டும். சீனாவில் எல்லோரும் பயன்படுத்துகிற வீசாட், நம்ம நாட்டில் 2020 ஜூன் முதல் தடை செய்யப்பட்டது. நாம் பயன்படுத்துகிற வாட்ஸ்அப் அங்கே ஓடாது. ஆக, அம்மாவிடம் இருக்கிற செயலி பிள்ளையிடம் வேலை செய்யாது, பிள்ளையிடம் இருக்கிறது அம்மாவுக்குக் கிடைக்காது. ரெண்டு நாள் பேச்சு இல்லை என்றால் வீட்டில் என்ன பதற்றம் வரும் என்று சொல்லத் தேவையில்லை. கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்: எந்த எண்ணில், எந்த நேரத்தில், எந்த வழியில் பேசப்போகிறோம்? ரோமிங்கா, ஐ.எஸ்.டி. அழைப்பா, மின்னஞ்சலா? அதை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டிவிட்டுப் போங்கள்.

ஆபீஸ் விஷயத்தில் இன்னொன்று. பல நிறுவனங்களும் அவர்களுடைய வாடிக்கையாளர்களும், எந்த நாட்டிலிருந்து தங்கள் தரவைத் திறக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். சீனாவிலும் 2021 முதல் தரவுப் பாதுகாப்புக்கும் தனிநபர் தகவலுக்கும் தனித்தனிச் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. மேலாளர் வாய் வார்த்தையாக "சரி, போயிட்டு வா" என்று சொன்னது போதாது. மனிதவளப் பிரிவிடமிருந்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வேலை போகாமல் இருக்க அதுதான் காப்பு.

நான்காவது: பணமும் வரியும்

அங்கே காய்கறிக் கடை முதல் பேருந்து வரை செல்போனில் கியூஆர் கோடுதான். ஆனால் நம்ம யு.பி.ஐ.யை நம்பிப் போகாதீர்கள். அலிபே செயலியில் சர்வதேசப் பரிவர்த்தனை திறந்துவிடப்பட்ட விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைக்கலாம். 200 யுவானுக்குள் செலவு செய்தால் சேவைக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் 3 சதவீதம் பிடிப்பார்கள். பெரிய செலவுகளை அதற்கேற்பக் கணக்குப் போடுங்கள். அவசரத்துக்குக் கொஞ்சம் யுவான் நோட்டும் கையில் இருக்கட்டும். வங்கி ஓ.டி.பி. நம்ம ஊர் எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்மை ரீசார்ஜ் செய்து, ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள்.

வரியிலும் அதே கணக்குதான். சீனாவில் உட்கார்ந்து செய்த வேலைக்கான சம்பளம், எங்கே கொடுத்தாலும் சீனாவில் ஈட்டிய வருமானம் என்றுதான் அந்த நாட்டு வரிச்சட்டம் பார்க்கிறது. ஒரு வருஷத்தில் 183 நாள் அங்கே இருந்தால் நீங்கள் வரிக்கணக்கில் அந்த நாட்டுவாசி ஆகிவிடுவீர்கள். குறுகிய காலத் தங்கலுக்குச் சில விலக்குகள் உண்டு. ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி கட்டாமல் இருக்க இந்தியாவுக்கும் சீனாவுக்கும் 1994-ல் கையெழுத்தான ஒப்பந்தமும் இருக்கிறது. ஆனால் வரிவிலக்கு கிடைத்தால் வேலை அனுமதியும் கிடைத்ததாக அர்த்தமில்லை. இரண்டும் தனித்தனி. பாஸ்போர்ட்டில் விழுந்த ஒவ்வொரு முத்திரையையும் போட்டோ எடுத்து வையுங்கள். நாள் கணக்குக்கு அதுதான் சாட்சி.

அன்றாட வாழ்க்கை

நல்லதையும் சொல்ல வேண்டும். சீனா முழுவதற்கும் ஒரே நேரம், நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால். சென்னையில் காலை 9.30 என்றால் ஷியாமெனில் மதியம் 12 மணி. நம்ம ஊர் ஆபீஸ் நேரத்தில் வேலை பார்ப்பவருக்குக் காலைப்பொழுது முழுக்க சொந்தம். கடற்கரையில் நடக்கலாம், மாண்டரின் வகுப்புக்குப் போகலாம். வேலை முடிய இரவு 9 ஆகும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம். 2016 செப்டம்பரில் மெராண்டி புயல் ஷியாமெனைத் தாக்கியபோது நகரத்தில் மின்சாரமும் தண்ணீரும் தடைப்பட்டன. பவர் பேங்க், குடிதண்ணீர், கொஞ்சம் ரொக்கம் எப்போதும் தயாராக இருக்கட்டும். பணம், வழி, மொழிபெயர்ப்பு எல்லாமே செல்போனில் இருக்கிற ஊரில் சார்ஜ் தீர்ந்தால் கை ஒடிந்த மாதிரிதான்.

உதவி எங்கே?

காவல்துறைக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 120, தீயணைப்புக்கு 119. விசா, தங்கும் அனுமதி சம்பந்தமான சந்தேகத்துக்குச் சீனக் குடிவரவு நிர்வாகத்தின் 12367 எண்ணை அழைக்கலாம். 24 மணி நேரமும் ஆங்கிலத்திலும் பேசுவார்கள். நண்பர் சொன்னார், வீடியோவில் பார்த்தேன் என்பதை விட அங்கே கேட்டுத் தெரிந்துகொள்வது மேல்.

ஃபூஜியன் மாகாணம், குவாங்சோவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. பாஸ்போர்ட் தொலைந்தாலும், காவலில் வைக்கப்பட்டாலும் அவர்களைத்தான் அணுக வேண்டும். தூதரக உதவிக்கு மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்திலும் புகார் பதியலாம். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் அயலகத் தமிழர் நல வாரியத்தில் முன்கூட்டியே உறுப்பினராகப் பதிவு செய்துவிட்டுப் போனால், சிக்கல் வரும்போது உங்களைப் பற்றிய தகவல் இங்கே கையில் இருக்கும்.

டிக்கெட் போடுவதற்கு முன் இந்த ஐந்தையும் சரிபாருங்கள். விசாவில் என்ன எழுத்து இருக்கிறது? ஆபீஸ் அனுமதி எழுத்தில் இருக்கிறதா? வீட்டுக்காரர் பதிவுக்குச் சம்மதித்தாரா? அட்டை அலிபேயில் வேலை செய்கிறதா? வீட்டாரோடு பேசும் வழி முடிவாகிவிட்டதா? ஐந்துக்கும் 'ஆமாம், சரி' என்று சொல்ல முடிந்தால் தைரியமாகக் கிளம்புங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும், அதைச் சரிசெய்யும் வரை பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். ஷியாமென் எங்கேயும் போய்விடாது.